படர்தாமரையும் அதன் பரிகாரமும்

சென்னையின் வடபாகத்தில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலுள்ள டோல்கேட் முதல் எண்ணூர் வரையிலான கடலோரம், வெப்பமும் ஈரக்காற்றும் ஒருங்கே கூடிய பிரதேசமாகும். துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைப்போர் வியர்வையில் நனைந்த உடையுடனேயே பகல் முழுவதும் இருக்க நேரிடுகிறது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களிலிருந்து ரயிலில் வேலைக்கு வந்து, மாலையில் வீடு திரும்பி மாடு கன்றுகளைக் கவனிப்போரும் உண்டு. இத்தகைய நிலைமையே படர்தாமரை என்னும் சரும வியாதிக்கு மிகவும் அனுகூலமானது. சேற்றிலும் நீரிலும் நின்று வேலை செய்யும் குடியானவர்களுக்கும் இது பொருந்தும். உயிருக்கு அபாயமில்லையாயினும், உறக்கத்தைக் கெடுத்து, வேலையைத் தடுத்து, ஒருவரிடமிருந்து குடும்பம் முழுவதற்கும் பரவுவதால் இதனை அற்பமென்று தள்ளுதல் தகாது.

காரணமும் குறிகளும்

நெற்பயிரின் குலைநோய் ஒருவகைப் பூஞ்சாணத்தால் உண்டாவதைக் குடியானவர்கள் அறிவார்கள். படர்தாமரையும் பூஞ்சாணத்தால் உண்டாவதே. இது மேல்தோல், மயிர், நகம் இவற்றிலுள்ள கெரட்டின் என்னும் பொருளை உணவாகக் கொண்டு வளர்கிறது. முதலில் சிறு தடிப்பாகத் தோன்றி, வட்டமாக வெளிநோக்கிப் படரும். ஓரம் சிவந்து செதில் உதிரும். நடுப்பாகம் ஆறியதுபோல் காணும். தொடையிடுக்கு, இடுப்பு, அக்குள், அரைஞாண் அழுந்துமிடம் ஆகியவற்றில் அதிகம்.

விரலிடுக்குகளில் கொப்புளங்கள் கண்டு இரவில் அரிப்பு மிகுமாயின், அது சிற்றுண்ணியால் வரும் சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் காணுமாயின், அது குஷ்டரோகமா என்று தாமதமின்றி வைத்தியரிடம் காட்டவேண்டும்.

சிகிச்சை

அரிப்பைத் தணிக்கக் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைச் சற்று நேரம் ஒற்றி, பின் ஈரமின்றித் துடைக்கவேண்டும். நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுதல் அவசியம். சொறிவதால் புண்ணாகிச் சீழ் வைப்பதுண்டு.

சிறிய அளவான படைக்குக் க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சாணக் கொல்லிக் களிம்பு போதும். நாளொன்றுக்கு இருமுறை, படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவவேண்டும். ஏனெனில் பூஞ்சாணம் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு அப்பாலும் பரவியிருக்கும். அரிப்பு நின்றவுடன் மருந்தை நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு முக்கிய காரணம். தோல் தெளிந்த பின்னும் இரண்டு வாரம் தடவிவரல் வேண்டும். தலையில் கண்டாலும், உடம்பில் பல இடங்களில் பரவினாலும் களிம்பு மட்டும் போதாது. வைத்தியர் குறிப்பிடும் மாத்திரையைக் குறித்த காலம் வரை உட்கொள்ளவேண்டும். அடிக்கடி திரும்பி வருமாயின் நீரிழிவு உண்டா என்று பரிசோதித்தல் நலம்.

சீமையகத்தி இலையை அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். அவ்விலைக்குப் பூஞ்சாணத்தைத் தடுக்கும் குணம் ஓரளவு உண்டெனினும், பரவிய படைக்கு அதனை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, அமிலம் முதலியவற்றை ஒருபோதும் தடவலாகாது, தோல் வெந்துவிடும்.

ஸ்டீராய்டு கலந்த களிம்பின் தீமை

கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் க்ளோபிடசோல், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் சேர்ந்துள்ளன. இவை இரண்டொரு நாளில் அரிப்பையும் சிவப்பையும் அடக்குவதால் நோய் தீர்ந்ததென்ற மயக்கம் உண்டாகிறது. உண்மையில் தோலின் எதிர்ப்புச் சக்தி குன்றி, பூஞ்சாணம் முன்னிலும் அதிகமாகப் படர்கிறது. தோல் மெலிந்து வரிவரியாக வெடிப்பதும் உண்டு. ஆதலால் 2018இல் மத்திய அரசாங்கம் இவ்வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென விதித்தது.

ஒரே பூச்சிக்கொல்லியைத் தாறுமாறாகத் தெளித்தால் பூச்சி அதற்கு அடங்காது போவதுபோலவே, பூஞ்சாணமும் மருந்துக்கு அடங்காமற் போகிறது. ஜப்பானில் வசித்த இந்தியர் ஒருவரிடமும் நேபாளியர் ஒருவரிடமும் எடுத்த பூஞ்சாணத்தை ஆராய்ந்து, 2020இல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டனர். டெர்பினாஃபின் என்னும் சிறந்த மருந்து இதனிடம் பெரும்பாலும் பலிப்பதில்லை. இது அமெரிக்காவிலும் காணப்பட்டதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. அரைகுறைச் சிகிச்சை ஒருவருடைய நஷ்டத்தோடு நிற்பதன்று என்பதற்கு இது சான்று.

மாடுகளில்

கன்றுகளின் கண்ணைச் சுற்றியும், காதிலும், கழுத்திலும் மயிர் உதிர்ந்து சாம்பல் நிறப் பொருக்கு தடித்துக் காணுமாயின் அதுவும் படர்தாமரையே. கறப்போருக்கும் குழந்தைகளுக்கும் தொற்றும். அக்கன்றைத் தனியே வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். இதன் வித்துக்கள் மரத்தூண்களிலும் தும்புக் கயிற்றிலும் நெடுங்காலம் உயிரோடிருக்குமாதலால், தொழுவத்தைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்படித்து, பழைய கயிற்றை எரித்துவிடுதல் உத்தமம்.

தடுக்கும் முறைகள்

1. வேலை முடிந்ததும் குளித்து, இடுக்குகளை நன்கு உலர்த்தி, உலர்ந்த தளர்ந்த பருத்தி ஆடை அணிக.

2. துண்டு, வேட்டி, உள்ளாடை, படுக்கை விரிப்பு இவற்றை ஒருவருடையதை மற்றவர் உபயோகிக்கலாகாது. அவற்றைச் சுடுநீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் உலர்த்துக.

3. நனைந்த அரைஞாண் கயிற்றை நோய் தீரும்வரை கழற்றிவிடுக.

4. வீட்டில் எவரெவருக்கு அரிப்புண்டோ அவர்கள் யாவரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெறுக.

கிராம நிர்வாக அலுவலர்கள், கூலியாட்களுக்கும் மாடு மேய்ப்போருக்கும் இவற்றை எடுத்துச் சொல்லி, கடைக் களிம்பை நாடாமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும்படி தூண்டவேண்டும். டோல்கேட் சுற்றுப்புறத்தார்க்கு அரசினர் ஸ்டான்லி மருத்துவமனையின் சருமநோய்ப் பிரிவு அண்மையிலேயே உள்ளது. தொடக்கத்தில் சில வாரம் ஒழுங்காகச் செய்யும் சிகிச்சை, பின்னர் பல மாதத் துன்பத்தையும் செலவையும் தவிர்க்கும்.