பென்யமீன் என்று பேரிட்ட தகப்பன்

வேதபாடம்: ஆதியாகமம் 35:16-20

மனைவியைப் பறிகொடுத்து, பிள்ளைகளைத் தனியே வளர்க்கிற தகப்பன்மார் நம் சபைகளில் உண்டு. விதவைகளுக்காக ஜெபிக்கிறோம், இவர்களை மறந்துபோகிறோம். யாக்கோபைப் பாருங்கள்.

எப்பிராத்தாவுக்குப் போகிற வழியில் ராகேல் பிரசவத்தில் மரித்தாள். சாகும்போது பிள்ளைக்கு அவள் வைத்த பேர் பெனொனி, அதாவது 'என் துக்கத்தின் மகன்'. யாக்கோபோ பென்யமீன், 'வலதுகையின் மகன்' என்று பேரிட்டான். தன் துக்கத்தைப் பிள்ளையின் தலையில் கட்டவில்லை. அதை மறைக்கவும் இல்லை; கல்லறையின்மேல் ஒரு தூணை நிறுத்தினான். "விசுவாசி அழக்கூடாது பிரதர்" என்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். லாசரு மரித்தபோது இயேசுவும் அழுதாரே (யோவான் 11:35).

பேரை மாற்றுவது ஒரு நாள் வேலை. பயம் அப்படிப் போகாது. யோசேப்பையும் இழந்துவிட்டதாக நினைத்த யாக்கோபு, பென்யமீனை எகிப்துக்கு அனுப்ப மறுத்தான் (42:38). வீட்டில் தானியம் தீர்ந்த பிறகுதான், தேவனை நம்பி அவனை விட்டுக்கொடுத்தான் (43:14). இன்றைக்கும் தாயில்லாப் பிள்ளையை வாலிபர் முகாமுக்குக்கூட அனுப்பப் பயப்படுகிற தகப்பன்மார் உண்டு. அது அன்புதான், சந்தேகமில்லை. ஆனாலும் தகப்பனுடைய உயிரே இந்தப் பிள்ளையின் உயிரோடு கட்டப்பட்டிருக்கிறது என்று யூதா சொன்னானே (44:30), ஒரு பிள்ளை சுமக்கிற பாரமா அது?

சபையாரே, அடக்க ஆராதனை முடிந்த முதல் வாரம் எல்லா வீட்டிலிருந்தும் சாப்பாடு வருகிறது. ஆறாம் மாதம் யார் வருகிறார்கள்? மறுமணப் பேச்சை எடுத்துக்கொண்டு வேண்டுமானால் வருவார்கள். அந்த வீட்டுக்கு வேண்டியது ஞாயிறு காலையில் சடை பின்னிவிட ஒரு கை. பெண்பிள்ளை பெரியவளாகும் வயதில் அப்பாவிடம் கேட்கமுடியாத கேள்விகள் உண்டு. மூத்த சகோதரிகள் கூப்பிடாமலே போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.

தகப்பன்மாரே, "அம்மா பேச்சை எடுத்தா பிள்ளைங்க அழும்" என்று போட்டோவை எடுத்து பீரோவில் வைத்துவிட்டீர்களா? யாக்கோபு 147 வயதுவரை வாழ்ந்தவன். மரணப்படுக்கையிலும், எகிப்தின் அதிபதியாயிருந்த யோசேப்பிடம், அவன் தாய் எங்கே மரித்தாள், எங்கே அடக்கம்பண்ணினேன் என்று சொன்னான் (48:7). இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து, அவர்கள் அம்மா இரட்சிக்கப்பட்ட சாட்சியைச் சொல்லுங்கள். நடுவில் தொண்டை அடைத்தால் அடைக்கட்டும். முடிவு ஜெபத்தைப் பிள்ளைகளில் ஒருவர் செய்யட்டும்.