காலடி சொல்லும் சேதி

அன்று மாலை நல்ல மழை. எல்லோரும் ஈரக் காலோடு கற்றல் மையத்துக்கு வந்தார்கள். சிமெண்டுத் தரை முழுவதும் காலடிகள்.

"இது யார் கால்? அப்படியே முழுசாப் பதிஞ்சிருக்கே!" என்றார் ஒரு பெரியம்மா.

அது பூ விற்கும் தங்கச்சியின் கால். அவள் தலை குனிந்தாள்.

"எனக்குச் சின்ன வயசிலிருந்தே தட்டைக் கால்தான் பெரியம்மா. இந்தக் கால் குடும்பத்துக்கு ஆகாதுன்னு பொண்ணு பார்க்க வந்தவங்க சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

பக்கத்தில் இன்னொருவரின் காலடி. வலது காலின் நடுவில் குழி தெரிந்தது. இடது கால் முழுதாகப் பதிந்திருந்தது. அது சித்தாள் வேலை செய்யும் அக்காவின் கால். அவருக்கு வயது 48.

"எனக்குத் தட்டைக் கால் கிடையாதே! நாலு மாசமா இடது கணுக்கால்ல வீக்கம், வலி. சுளுக்குன்னு எண்ணெய் போட்டு உருவிக்கிட்டிருக்கேன்" என்றார் அக்கா.

மறுநாள் சுகாதாரச் செவிலியர் மையத்துக்கு வந்தார். இருவர் கால்களையும் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் விளக்கினார்.

பாதத்தில் வளைவு ஏன்?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவை பாலத்தின் வளைவு போல அமைந்துள்ளன. அந்த வளைவுதான் நடக்கும்போது நம் எடையைத் தாங்குகிறது.

வளைவைத் தூக்கிப் பிடிப்பவை தசைநார்கள். முக்கியமான ஒரு தசைநார் கணுக்காலின் உள்பக்கமாக இறங்கி உள்ளங்காலுக்குப் போகிறது. கயிறு தளர்ந்தால் பந்தல் தொய்யும் அல்லவா? அதுபோல, இந்தத் தசைநார் நைந்தால் பாதத்தின் வளைவு விழுந்துவிடும்.

இரண்டும் ஒன்றல்ல

குழந்தைகளின் பாதம் தட்டையாகத்தான் இருக்கும். வளர வளரக் குழி விழும். சிலருக்குக் குழி விழுவதே இல்லை. அது நோய் அல்ல. குறையும் அல்ல.

செவிலியர் தங்கச்சியை முன்காலில் எழும்பி நிற்கச் சொன்னார். அவள் நின்றாள். உடனே பாதத்தில் குழி தெரிந்தது.

"உனக்கு வலி இருக்கா?"

"இல்லீங்க சிஸ்டர்."

"அப்போ வைத்தியமே வேண்டாம். காலுக்கும் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யார் சொன்னாலும் நம்பாதே" என்றார் செவிலியர்.

அடுத்து அக்கா. இடது காலை மட்டும் ஊன்றிக் குதிகாலைத் தூக்கச் சொன்னார். அக்காவால் முடியவில்லை. பின்னாலிருந்து பார்த்தால், இடது குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இது சுளுக்கு இல்லை. நல்லா இருந்த வளைவு விழுந்துக்கிட்டிருக்கு. 40 வயசுக்கு மேலே பெண்களுக்கு இது அதிகம் வரும். உடல் எடை கூடினவங்களுக்கும், சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு இருக்கிறவங்களுக்கும் வரும். இனிமேல் உருவ வேண்டாம். எலும்பு மருத்துவரைப் பாருங்க" என்றார்.

"வேலைக்குப் போகலேன்னா கூலி போயிடுமே!"

"இப்போ சில வாரக் கூலிதான் போகும். அப்படியே விட்டால் பாதம் கோணலாகி இறுகிடும். அப்புறம் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வரலாம்."

என்ன வைத்தியம்?

அக்கா அரசு மருத்துவமனைக்குப் போனார். மருத்துவர் சொன்னவை இவை:

1. ஆறு வாரம் சுமை தூக்கக் கூடாது. வெகுநேரம் நிற்கக் கூடாது.

2. வீக்கத்தின் மேல் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம்.

3. தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். குதிகாலை இறுகப் பிடிக்கும் காலணி வேண்டும். அதன் உள்ளே, வளைவைத் தாங்கும் மெத்தை வைக்க வேண்டும்.

4. சுவரில் கைகளை ஊன்றுங்கள். ஒரு காலைப் பின்னால் நீட்டுங்கள். பின்னங்காலின் குதிகால் தரையில் படியட்டும். 30 வரை எண்ணுங்கள். பிறகு கால் மாற்றுங்கள். கெண்டைக்கால் இறுக்கம் குறையும்.

5. எடை கூடியிருந்தால் குறைக்க வேண்டும்.

சிலருக்கு மாவுக்கட்டும் போட வேண்டியிருக்கும்.

அக்கா சொன்னபடி செய்தார். விழுந்த வளைவு முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் வலி குறைந்தது. இப்போது காலணியோடு வேலைக்குப் போகிறார். கலவைச் சட்டி சுமப்பதைக் குறைத்துவிட்டார். செங்கல் நனைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சர்க்கரை நோய் உள்ளவர்களே, கவனியுங்கள்!

ஒரு பாதம் திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாக இருக்கிறதா? வலி இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். சர்க்கரை நோயில் காலின் உணர்ச்சி குறைந்துவிடும். வலி தெரியாமலே உள்ளே எலும்பு நொறுங்கலாம். அந்தக் காலை ஊன்றாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

நினைவில் வையுங்கள்

பிறவியிலிருந்தே தட்டை, வலி இல்லை: பயம் வேண்டாம்.
புதிதாகத் தட்டை, வலி அல்லது வீக்கம் உண்டு: மருத்துவரைப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

காலை நனைத்துப் பழைய செய்தித்தாள் மேல் மிதியுங்கள். இரண்டு காலடியும் ஒன்றுபோல உள்ளனவா?

விடை எழுதுங்கள்

1. ஒரு பாதத்தில் எத்தனை எலும்புகள் உள்ளன?
2. தங்கச்சிக்கு ஏன் வைத்தியம் தேவையில்லை?
3. அக்காவுக்கு வந்தது சுளுக்கு அல்ல என்று செவிலியர் எப்படிக் கண்டார்?