அனிமேட்டரை அழைக்கும் முன்

தனியாக உட்கார்ந்து அனிமேஷன் படம் செய்யும் ஒருவரை ஊருக்கு அழைத்து, மாலையில் அவர் படங்களைத் திரையிட்டு, பிறகு மேடையில் அவரோடு உரையாட வேண்டும். திரைப்படச் சங்கம் நடத்தும் பலருக்கும் இப்படி ஓர் ஆசை இருக்கிறது. நல்ல ஆசை. ஆனால் நடிகரோ பிரபல இயக்குநரோ வரும் விழாவுக்குச் செய்கிற ஏற்பாடு இதற்குச் சரிப்படாது. இவருடைய படம் பத்து நிமிடம்தான் ஓடும், அதற்காக அவர் சில வருடங்களைக் கொடுத்திருப்பார். திரைப்படம் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள். அப்படியே கணக்குப் போட்டாலும் பத்து நிமிடப் படத்துக்கு 7,200 ஓவியங்கள். அந்தக் கைவேலையைப் பார்வையாளர் பார்க்கும்படி செய்வதுதான் உங்கள் பொறுப்பு.

அதனால் முதலில் புரொஜக்டரைக் கவனியுங்கள். இன்றைய டிவிகளிலும் பல புரொஜக்டர்களிலும் அசைவை வழவழப்பாக்கும் ஒரு வசதி இருக்கிறது. சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி' (பழைய மாடல்களில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்'), எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', எப்சன் புரொஜக்டர்களில் 'ஃபிரேம் இன்டர்போலேஷன்' என்று பெயர். இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே தானாக ஒரு ஃபிரேமைக் கற்பனை செய்து செருகுவது அதன் வேலை. கிரிக்கெட் பார்க்க அது உதவலாம். வரைந்த படத்துக்கு அது கேடு. ஒரு பூனை தாவும்போது எந்த ஓவியத்தில் உடலை நீட்டுவது, எதில் சட்டென்று நிறுத்துவது என்று அவர் யோசித்து வரைந்திருப்பார். அவர் வரையாத ஓவியத்தை இயந்திரம் நடுவில் நுழைத்தால் அந்தத் தாவலில் கனமும் இருக்காது, வேகமும் இருக்காது. மெனுவுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். பழைய படம் சதுரத்துக்கு நெருங்கிய 4:3 அளவில் இருந்தால் அகலத் திரையை நிரப்புவதற்காக இழுக்காதீர்கள். இருபுறமும் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

இணைய இணைப்பை நம்பி லிங்க்கிலிருந்து ஓட்டாதீர்கள். ஒரு வாரம் முன்பே கோப்பை வாங்கி, அரங்கில் ஓடப்போகும் அதே கணினியில் ஏற்றி, அதே ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். தனியாக வேலை செய்பவர்களின் படங்களில் வசனம் குறைவாகவும் நுணுக்கமான ஒலிகள் நிறையவும் இருக்கும். காகிதச் சரசரப்பு கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று ஒருவர் அங்கே போய் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது என்பதற்காகப் பொது இடத்தில் திரையிடலாம் என்று ஆகிவிடாது. அமெரிக்க அனிமேட்டர் நீனா பேலி ஏறக்குறைய ஒற்றை ஆளாகச் செய்த 'சீதா சிங்ஸ் தி புளூஸ்' (2008) யாரும் திரையிடலாம் என்று அவரே திறந்துவிட்ட படம். அப்படிச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. புதிய படமாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. வேறெங்கும் வெளியே வராத படம் வேண்டும் என்று கேட்கும் விழாக்கள் இருக்கின்றன. பார்வையாளர் ஒருவர் செல்பேசியில் பிடித்து இணையத்தில் போட்டால் படம் செய்தவருடைய வாய்ப்பே போய்விடலாம். தொடங்கும்போதே இதை மேடையில் சொல்லிவிடுங்கள்.

குறும்படங்களைச் சேர்த்துக் காட்டும்போது மொத்தம் 45 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு படமும் தனி உலகம், கண் சீக்கிரம் களைத்துவிடும். கனமான படத்தை நடுவில் வையுங்கள். புதிய படம் கடைசியில் வரட்டும், பேச்சு அங்கிருந்து தொடங்கும். இரண்டு படங்களுக்கு இடையே சில வினாடிகள் கறுப்பாக விடுங்கள். பெயர்ப் பட்டியல் ஓடும்போது விளக்கைப் போடாதீர்கள். அந்தப் பட்டியலில் இருப்பதே நாலைந்து பெயர்கள்தான்.

இனி உரையாடல். இந்த மாலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, பெரும்பாலும் கெட்டுப்போவதும் இதில்தான். "உங்களுக்கு இந்த ஆர்வம் எப்படி வந்தது?" என்று தொடங்கினால் அவர் நூறு இடத்தில் சொன்ன பதிலையே திரும்பச் சொல்வார். அதற்குப் பதிலாக, பேட்டி எடுப்பவர் படங்களை முன்கூட்டியே இரண்டு தடவை பார்த்து, பத்து வினாடி நீளமுள்ள ஒரே ஒரு ஷாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். மேடையில் அதை நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, அவரைப் பேச விடுங்கள். இந்திய அனிமேட்டர் கீதாஞ்சலி ராவின் 'பிரின்டட் ரெயின்போ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் காட்டப்பட்டு மூன்று விருதுகள் வாங்கிய 15 நிமிடப் படம். தனியாக வாழும் ஒரு மூதாட்டி, ஒரு பூனை, அவள் சேர்த்து வைத்திருக்கும் தீப்பெட்டிகள். அவளுடைய வீடு சாம்பல் நிறம். தீப்பெட்டி லேபிளுக்குள் நுழைந்தால் வண்ணம் கொட்டும். இந்தப் படத்தைப் பற்றிக் கேட்க எனக்கு ஒரே வாய்ப்புத்தான் என்றால், சாம்பலிலிருந்து வண்ணத்துக்குப் போகும் ஓர் இடத்தில் படத்தை நிறுத்தி, முதலில் எந்த நிறத்தைத் தொட்டீர்கள் என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்விக்கு ஒப்பிக்கும் பதில் கிடையாது.

ஒலி முதலில் வந்ததா, படம் முதலில் வந்ததா என்றும் கேளுங்கள். அமெரிக்கரான டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் நான்கு வயதுத் தன் மருமகள் விளையாடும்போது பேசியதைப் பதிவு செய்து, அந்த மழலைப் பேச்சைச் சுற்றியே 'வேர்ல்ட் ஆஃப் டுமாரோ' (2015) கதையைக் கட்டினார். இப்படிப்பட்ட விஷயம் கேட்டால்தான் வெளியே வரும்.

பென்சில் சோதனைகளையும், ஸ்டோரிபோர்டை ஒலியோடு கோத்த அனிமேட்டிக்கையும் கொண்டுவரச் சொல்லுங்கள். முடிந்த ஷாட்டுக்கு முன்னால் அதைக் காட்டினால் ஒரு மணி நேர விளக்கத்தை மிச்சப்படுத்தலாம். சிலரிடம் காட்ட அசல் எதுவும் மிஞ்சியிருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரஷ்யாவின் அலெக்சாண்டர் பெத்ரோவ் 'தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ' (1999) படத்துக்காகக் கண்ணாடிமேல் எண்ணெய் வண்ணத்தை விரலால் தீட்டி, 29,000-க்கும் மேற்பட்ட ஃபிரேம்களைப் படம்பிடித்தார். அடுத்த ஃபிரேமுக்காக முந்தையதை அழித்து மாற்ற வேண்டும். இப்படி வேலை செய்கிறவரிடம், பணியின்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

"இது குழந்தைகளுக்கா?", "கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாமே?" என்ற கேள்விகள் கூட்டத்திலிருந்து வரும். கோபப்பட வேண்டாம், ஆனால் நீங்கள் கேட்காதீர்கள். பார்வையாளர் கேள்வியை மைக்கில் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள், பின்வரிசைக்குக் கேட்காது.

பிழைப்புக்கு என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க வேண்டியதில்லை. இந்த வேலைக்கு வர நினைக்கும் மாணவருக்கு மிகவும் தேவைப்படுவது அந்தப் பதில்தான். மேடையில் திடீரென்று கேட்காமல், இப்படிக் கேட்கப்போகிறேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அரங்குக்கு வெளியே விற்பனைக்கு ஒரு மேசை போடுங்கள். அமெரிக்க அனிமேட்டர் பில் பிளிம்ப்டன் தன் திரையிடல்களுக்கு வருகிறவர்களுக்குக் கையால் ஒரு படம் வரைந்து கொடுப்பார், தன் வெளியீடுகளையும் அங்கேயே விற்பார். உங்கள் விருந்தினரும் அச்சுப்படங்களோ புத்தகமோ விற்க விரும்பலாம். அதில் பங்கு கேட்காதீர்கள்.

பொன்னாடையும் நினைவுப் பரிசும் போதும் என்று நினைக்கும் சங்கங்கள் இன்னும் இருக்கின்றன. போதாது. பயணம், தங்குமிடம், திரையிடல் கட்டணம், பேச்சுக்கான மதிப்பூதியம் ஆகிய நான்கையும் அழைக்கும்போதே தொகையாகச் சொல்லுங்கள். கொடுக்க வேண்டியதை அவர் ஊருக்குக் கிளம்பும் முன் கொடுத்துவிடுங்கள்.