பெண் பிள்ளைகள் பார்த்ததால் நின்றதா கார்ட்டூன்?

‘யங் ஜஸ்டிஸ்’ கார்ட்டூனைப் பெண் பிள்ளைகள் அதிகம் பார்த்தார்கள், அதனால்தான் அதை நிறுத்திவிட்டார்கள் என்று மறுபடியும் ஒருவர் என்னிடம் சொல்லிவிட்டார். படித்தவர், விளம்பரத் துறையில் இருப்பவர். பொம்மை வியாபாரம் செய்பவனிடமே வந்து இந்தக் கதையை அளந்தால் எப்படிப் பொறுப்பது?

வதந்தி கிளம்பிய இடம் தெரிந்ததுதான். 2013 டிசம்பரில் இயக்குநர் கெவின் ஸ்மித்தின் பாட்காஸ்டில் எழுத்தாளர் பால் டினி பேசினார். பெண் பிள்ளைகள் பொம்மை வாங்க மாட்டார்கள் என்று நம்பும் சேனல் அதிகாரிகள் பையன்களையே தேடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். அப்படி நம்பும் ஆட்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ‘யங் ஜஸ்டிஸ்’ டினி நடத்திய தொடர் அல்ல. நடத்தியவர்கள் கிரெக் வைஸ்மனும் பிராண்டன் வியெட்டியும். ஏன் நின்றது என்பதை வைஸ்மனே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தொடரின் செலவு மேட்டல் பொம்மை நிறுவனம் போட்ட பணத்தை நம்பியிருந்தது. பொம்மைகள் எதிர்பார்த்த அளவு போகவில்லை. மேட்டல் விலகிக்கொண்டது. அந்தப் பணத்துக்கு ஈடாக வேறு பணம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? சேனல் கொடுக்கும் ஒளிபரப்புக் கட்டணம் இப்படிப்பட்ட தொடர்களின் முழுச் செலவுக்குக் கட்டாது. துண்டு விழும் தொகையைப் பொம்மைக்காரர் போடுகிறார். போட்டவர் கவனிப்பது டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்பதை அல்ல, கடைக் கொக்கியில் தொங்கும் அட்டைகள் எவ்வளவு சீக்கிரம் காலியாகின்றன என்பதைத்தான். வாங்கியது பையனுக்கா பெண்ணுக்கா என்று பில்லில் அச்சாவதில்லை ஐயா!

இன்னும் சந்தேகமா? ‘யங் ஜஸ்டிஸ்’ கடைசியாக ஓடிய அதே 2013 மார்ச் 16 அன்று, அதே சேனலில், ‘கிரீன் லேன்டர்ன்’ கார்ட்டூனும் கடைசியாக ஓடி முடிந்தது. அதற்குப் பொம்மை வரிசையே அமையவில்லை. 2011இல் வந்த கிரீன் லேன்டர்ன் சினிமா படுத்துவிட்டது. அதன் பொம்மைகள் கடைகளில் தேங்கிக் கிடந்தன. அதே பெயரில் இன்னொரு சரக்கா என்று கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். தயாரிப்பாளர் புரூஸ் டிம் சொன்ன காரணம் இதுதான். கடைக்காரனாக எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. விற்காத அட்டை கொக்கியை அடைத்துக்கொண்டிருந்தால் புதுச் சரக்கை எங்கே மாட்டுவது?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

கார்ட்டூன் முதலில், பொம்மை பிறகு என்பார்கள். ஹீ-மேன் பொம்மை கடைக்கு வந்தது 1982, கார்ட்டூன் டிவிக்கு வந்தது 1983.

1986 டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தில் நாயக ரோபோ ஆப்டிமஸ் பிரைம் செத்தது கதையின் கட்டாயம் என்பார்கள். பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ பழைய பொம்மைகளை ஓரங்கட்டிப் புது வரிசையை இறக்க நினைத்தது. தியேட்டரில் குழந்தைகள் அழுதார்கள், ஆப்டிமஸ் பிறகு திரும்பி வந்தார்.

பொம்மை விற்காவிட்டால் கதை முடிந்தது என்பதும் அரைகுறை. ஜப்பானில் 1979இல் தொடங்கிய ‘கண்டம்’ ரோபோ கார்ட்டூன் 52 வாரம் ஓட வேண்டியது, 43இல் முடித்தார்கள். ஸ்பான்சரான குளோவர் நிறுவனம் விற்றது சின்னப் பையன்களுக்கான பொம்மை, தொடரை ரசித்ததோ பெரிய பிள்ளைகள். 1980இல் பண்டாய் நிறுவனம் பாகம் பாகமாகக் கோத்துச் செய்யும் மாடல்களை 300 யென்னுக்கு இறக்கியது. அன்று பிடித்த வியாபாரம் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. தப்பான பொம்மையை விற்றுவிட்டு கதையைக் குறை சொல்வது எங்கள் தொழிலில் பழைய வியாதி.

அந்த வியாதியின் மிச்சம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இந்த வகைப் பொம்மைகள் கலந்து கட்டிய பெட்டியாகத்தான் எங்களுக்கு வரும். நாயகன் மூன்று நான்கு, துணைப் பாத்திரங்கள் ஒவ்வொன்று, பெண் பாத்திரம் இருந்தால் அதுவும் ஒன்று. அந்த ஒன்று முதலில் போய்விட்டாலும் அதை மட்டும் திரும்ப வரவழைக்க வழியில்லை. கடைசியில் கணக்கில் என்ன தெரியும்? பெண் பாத்திரம் விற்றது ஒன்று, நாயகன் விற்றது மூன்று. பெண் பொம்மை போகாது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். 2015இல் ஸ்டார் வார்ஸ் மோனோபலிப் பெட்டியில் கதாநாயகி ரேயையே காணவில்லை. வாங்கியவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் ஹாஸ்ப்ரோ சேர்த்தது.

‘யங் ஜஸ்டிஸ்’ 2019இல் ஸ்ட்ரீமிங்கில் மீண்டும் வந்தது. அங்கே செலவைத் தாங்கியது சந்தாப் பணம். அதனால் வதந்தியை விடுங்கள். மகளுக்கு ஆக்‌ஷன் பொம்மை வாங்க வந்தால், சமையல் செட் பக்கம் கையைக் காட்டும் கடைக்காரரிடம் உங்களுக்கு வேண்டிய பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் ஆர்டர் புத்தகத்தில் ஏறாத பெயர் எந்தக் கம்பெனிக்கும் போய்ச் சேராது.