சக்கர நட்டையும் அளந்து முடுக்குவோம்

1996-ல் மொத்தக் காய்கறி வியாபாரம் கொத்தவால்சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறியது. தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் வணிகர்களாகிய நாம் விடியுமுன் வேனை எடுத்துக்கொண்டு அங்கே போகிறோம். மூட்டை ஏற்றித் திரும்பும்போது புறவழிச்சாலையில் சக்கரம் கழன்றால் சரக்கு மட்டுமல்ல, உயிரும் போகும்.

வீல் ஸ்பேனர்மேல் ஏறி மிதித்து முடுக்கினால்தான் பலம் என்று பலர் எண்ணுகிறோம். அது தவறு. அளவு மீறினால் மரை கெடும், ஸ்டட் இழுபட்டு ஒருநாள் முறியும். அளவு குறைந்தால் நட்டு ஆடி ஆடிக் கழலும்.

எடைக்குத் தராசு போல, இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச். அளவைத் திருப்பி வைத்து முடுக்கினால், அந்த இறுக்கம் வந்ததும் 'க்ளிக்' என்று ஓசை கேட்கும். அத்துடன் நிறுத்த வேண்டும். அரை மீட்டர் நீளப் பிடியின் முனையில் 20 கிலோ எடை தொங்கினால் உண்டாகும் முறுக்குவிசை சுமார் 98 நியூட்டன் மீட்டர். வண்டிக்கு வண்டி அளவு மாறும். கையேட்டில் உள்ளதே சரி.

செய்முறை:

1. மரையில் தூசி, துருவைத் துடைக்கவும். கையேடு சொன்னாலன்றி எண்ணெய், கிரீஸ் வேண்டாம்.

2. எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றவும். ஏர் கன் வைத்தால் லேசாக மட்டும்.

3. ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் பதிந்தபின் ரெஞ்ச்சால் முடுக்கவும். 4 நட்டு என்றால் எதிரெதிராக, 5 என்றால் ஒன்று விட்டு ஒன்றாக.

4. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்கவும்.

5. நட்டைக் கழற்ற இந்த ரெஞ்ச்சைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வைக்கவும்.

எடைக்கல்லை நம்பிப் பிழைக்கும் நாம், சக்கரத்தைக் கைக்கணக்கில் விடலாமா?