இரவில் இரை தேடும் சீழ்க்கைச் சிரவி

வாத்து என்றதும் நம்மில் பலருக்கு வீட்டுக்குப் பின்னால் சேற்றைக் கிளறித் திரியும் வளர்ப்பு வாத்துதான் நினைவுக்கு வரும். ஆனால், நம் நாட்டு நீர்நிலைகளில் யாரும் வளர்க்காத காட்டு வாத்து ஒன்றும் வாழ்கிறது. மலாய் மொழியில் அதனைப் 'பெலிபிஸ்' என்பர். இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் அந்தப் பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும். தமிழில் அதற்குச் 'சீழ்க்கைச் சிரவி' என்ற பெயர் இருப்பதைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் அறிந்தேன். சீழ்க்கை என்றால் விசில். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டு வந்த எனக்கு அதற்கும் அகராதி தேவைப்பட்டது!

பெயர் பொருத்தமானதே. இப்பறவை மற்ற வாத்துகளைப் போல் 'குவாக் குவாக்' என்று கத்துவதில்லை. பறக்கும்போது விசிலடிப்பது போல் இரட்டை ஒலி எழுப்பும். இதன் அறிவியல் பெயர் டென்ட்ரோசிக்னா ஜாவானிக்கா. முதல் சொல்லுக்கு 'மர அன்னம்' என்று பொருள். ஜாவாவில் கிடைத்த பறவையைக் கொண்டு 1821ஆம் ஆண்டு ஹார்ஸ்ஃபீல்டு என்பவர் இதனை விவரித்ததால் இரண்டாம் சொல் அமைந்தது. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமும் அரைக் கிலோ அளவு எடையும் கொண்ட சிறிய வாத்து, செம்பழுப்பு நிறம், சற்றே நீண்ட கழுத்தும் கால்களும் உடையது.

பேராக் மாநிலத்தின் மாலிம் நாவார் பகுதியில் பழைய ஈயக்குட்டைகள் பல உள்ளன. அங்கே முதன்முதலில் இப்பறவைகளைக் கண்டபோது, கூட்டமாக நீரில் மிதந்தபடி தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் காத்திருந்தும் ஒன்றுகூட இரை தேடவில்லை. சரியான சோம்பேறி வாத்துகள் என்றே எண்ணினேன். என் எண்ணம் தவறு. சீழ்க்கைச் சிரவி பெரும்பாலும் இரவில் இரை தேடும் பறவை. பொழுது சாய்ந்ததும் கூட்டம் கூட்டமாக எழும்பி, ஆழமில்லாத சதுப்புகளுக்கும் நெல்வயல்களுக்கும் செல்லும். நீர்த்தாவரம், சிந்திய நெல், நத்தை, புழு, சிறு மீன், தவளை ஆகியவற்றை உண்ணும். நன்றாக மூழ்கவும் தெரியும்.

குடும்ப வாழ்விலும் இது தனித்து நிற்கிறது. குளிர்நாட்டு வாத்துகள் பலவற்றில் ஆண் பகட்டான நிறத்துடன் இருக்கும். பெண் அடைகாக்கத் தொடங்கியதும் விலகிச் சென்றுவிடும். சீழ்க்கைச் சிரவியில் ஆணும் பெண்ணும் ஒரே நிறம். 7 முதல் 12 வரையிலான வெண்ணிற முட்டைகளை இரண்டும் முறை வைத்து அடைகாக்கும். குஞ்சுகளையும் சேர்ந்தே பேணும். புல்லுக்கு நடுவிலும் கூடு அமைக்கும். கொக்கு, காகம் விட்டுச் சென்ற பழைய கூடுகளையும் பயன்படுத்தும். ஆயினும், மரப்பொந்து கிடைத்தால் அதிலேயே முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் பொந்திலிருந்து கீழே குதித்துப் பெற்றோரின் பின்னால் நீரை நோக்கி ஓடும். உடல் பஞ்சு போன்று இருப்பதால் அடிபடுவதில்லை.

ஆக, இப்பறவைக்குப் பகலில் ஓய்வெடுக்க அமைதியான நீர் வேண்டும். இரவில் இரை தேடச் சதுப்போ வயலோ வேண்டும். முட்டையிடப் பொந்துள்ள முதிய மரமோ அடர்ந்த புல்லோ வேண்டும். இவற்றுள் ஒன்றை மட்டும் வேலியிட்டுக் காப்பது போதாது. 1985ஆம் ஆண்டு ஈயச் சந்தை சரிந்த பிறகு கைவிடப்பட்ட குட்டைகளை நாம் 'சும்மா கிடக்கும் நிலம்' என்றுதான் சொல்கிறோம். குட்டையை மண் கொட்டி மூடுவதற்கு முன் யாராவது பார்க்கச் சென்றாலும், பகலில்தான் செல்வார்கள். அப்போது அவர்கள் காண்பது தூங்கும் வாத்துகளை மட்டுமே. பட்ட மரம் என்று வெட்டிச் சாய்க்கும் மரத்தில் பொந்து இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்? உலக அளவில் இது அருகிவரும் பறவை அன்று என்பது உண்மையே. ஆனால், ஒரு வட்டாரத்தில் வாழிடம் போனால் அந்த வட்டாரத்தில் பறவையும் போய்விடும்.

காண விரும்புவோர் மாலிம் நாவார் மட்டுமன்றி, சிலாங்கூரின் டெங்கிலில் உள்ள பாயா இண்டா சதுப்புநிலத்திற்கும் செல்லலாம். சிங்கப்பூர் நண்பர்களுக்குக் கிராஞ்சிச் சதுப்புநிலம் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் சென்றால், தலையைச் சற்றே தாழ்த்தி, கூன் விழுந்தது போல், மெதுவாகச் சிறகடித்துப் பறக்கும் கூட்டத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் பார்ப்பதற்கு முன்பே சீழ்க்கை காதில் விழுந்துவிடும்.