துப்பாக்கியிலிருந்து வெண்ணெய்க்கு: சேமூர் மெல்மனின் ஆய்வுகள்

பொருளியல் முதலாண்டு மாணவர் எவரைக் கேட்டாலும் உற்பத்தி வாய்ப்பு வளைகோட்டை வரைந்து காட்டுவார். ஓர் அச்சில் துப்பாக்கி. மற்றோர் அச்சில் வெண்ணெய். பால் சாமுவேல்சன் 1948-இல் வெளியிட்ட பாடநூலின் வழியாக உலகெங்கும் பரவிய எடுத்துக்காட்டு இது. துப்பாக்கியைக் குறைத்தால் வெண்ணெய் பெருகும் என்று அவ்வளைகோடு கூறுகிறது. ஆனால் துப்பாக்கி செய்த ஆலையும், அதில் உழைத்த கைகளும் வெண்ணெய்ப் பக்கம் எவ்வாறு வந்து சேரும் என்பதை அது கூறுவதில்லை. தாளில் பேனா வழுக்கிச் செல்வதுபோல நாட்டின் தொழில்களும் வழுக்கிச் சென்றுவிடுமா? இவ்வினாவைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட ஓர் அறிஞரைப் பற்றியே ஈண்டு எழுத விழைகிறேன்.

யார் இந்த மெல்மன்?

சேமூர் மெல்மன் (1917–2004) நியூயார்க் நகரில் பிறந்தவர். அந்நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொழிற்பொறியியல் பேராசிரியராக விளங்கியவர். பட்டறையையும் எந்திரத்தையும் செலவுக் கணக்கையும் நேரே கண்டு ஆராய்ந்தவர். 1970-இல் 'பென்டகன் முதலாளித்துவம்', 1974-இல் 'நிரந்தரப் போர்ப் பொருளாதாரம்', 1983-இல் 'உற்பத்தியற்ற இலாபம்' எனப் பொருள்படும் நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவருடைய ஆய்வுத் தாள்கள் அவர் கற்பித்த பல்கலைக்கழகத்தின் நூலகத்திலேயே பாதுகாக்கப்படுகின்றன. ஆயுதக் குறைப்பைப் பற்றிப் பேசியோர் பலர். அதற்கு மறுநாள் தொழிலாளி எங்கே வேலைக்குச் செல்வான் என்று கணக்கிட்டோர் மிகச் சிலர். அச்சிலருள் முதன்மையானவர் மெல்மன் என்பதே நான் அவரைத் தேர்ந்ததற்குக் காரணம்.

1945 தந்த பாடம்

'ஆயுத உற்பத்தியை நிறுத்தினால் வேலையின்மை பெருகும்' என்பது வழக்கமான அச்சம். வரலாறு இதற்கு மாறான சான்று ஒன்றைத் தருகிறது. 1945-இல் அமெரிக்கப் படைகளில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் இருந்தனர். 1947-இல் அத்தொகை ஏறத்தாழ 15 லட்சமாகக் குறைந்தது. எனினும் 1930-களின் பெருமந்தம் திரும்பவில்லை. டெட்ராய்ட் நகருக்கு அருகே வில்லோ ரன் என்னுமிடத்தில் 8,600-க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்களைச் செய்த ஆலையில், போருக்குப்பின் கார்கள் செய்யப்பட்டன.

இது தானே நிகழ்ந்த அற்புதமன்று. போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1942-இல், தொழிலதிபர்கள் ஒரு குழு அமைத்துப் போருக்குப் பிந்தைய உற்பத்திக்குத் திட்டமிட்டனர். 1944-இல் இயற்றப்பட்ட சட்டம் வீடு திரும்பும் வீரர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் வழிவகுத்தது. மேலும், பெரும்பாலான ஆலைகள் போருக்கு முன் செய்த பழைய தொழிலுக்கே திரும்பின. மக்களிடம் சேமிப்பும் இருந்தது; பொருள்களுக்கு ஏக்கமும் இருந்தது.

ஹெலிகாப்டர் ஆலையில் டிராம் வண்டி

பின்னாளில் நிலைமை மாறிற்று. இராணுவத்திற்கென்றே வளர்ந்த நிறுவனங்களுக்குத் திரும்பிச் செல்லப் பழைய தொழில் இல்லை. வியட்நாம் போர் தணிந்த காலத்தில், பிலடெல்பியா அருகே ஹெலிகாப்டர் செய்துவந்த போயிங் வெர்ட்டால் நிறுவனம், பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ நகரங்களுக்கு மின்சார டிராம் வண்டிகள் செய்ய முன்வந்தது. 1976-இன் இறுதியில் பாஸ்டனில் அவை ஓடத் தொடங்கின. கதவுகள் அடிக்கடி பழுதாயின; வண்டிகள் பணிமனையில் முடங்கின. எஞ்சிய வண்டிகளில் ஒரு பகுதியை ஏற்க அந்நகரம் மறுத்தது.

வானில் பறக்கும் எந்திரத்தைச் செய்தவர்களுக்குத் தரையில் ஓடும் வண்டி கைவரவில்லையா? திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று; பழக்கமே காரணம். ஆன செலவுக்கு மேல் இலாபத்தையும் சேர்த்து அரசு கொடுக்கும் ஒப்பந்தத்தில், செலவு கூடினாலும் நிறுவனத்திற்கு இழப்பில்லை. மலிவாகவும், எளிதில் பழுதுபார்க்கத்தக்கதாகவும் செய்யும் கலை அங்கே மங்கிவிடுகிறது. ஆகவே பொறியாளருக்கும் மேலாளருக்கும் மறுபயிற்சி அளிக்காமல் ஆலையை மட்டும் மாற்றுவது வீண் என்பது மெல்மனின் கருத்து.

தொழிலாளர் தீட்டிய திட்டம்

இங்கிலாந்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியும் நோக்கத்தக்கது. ஆட்குறைப்பை எதிர்நோக்கிய லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர்கள், தங்கள் திறமையைக் கொண்டு வேறு என்ன செய்யலாம் என்று தாங்களே ஆராய்ந்து, 1976-இல் ஏறத்தாழ 150 பொருள்களைக் கொண்ட திட்டத்தை வெளியிட்டனர். சிறுநீரக எந்திரம், வெப்ப ஏற்றி, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வாகனம் முதலியன அதில் இடம்பெற்றன. நிர்வாகம் அதனை ஏற்கவில்லை. அறிவு கீழிருந்தது, அதிகாரம் மேலிருந்தது. இரண்டும் ஒரே மேசையில் அமரவில்லை.

அம்மேசையைச் சட்டத்தால் அமைக்க வேண்டும் என்பதே மெல்மன் காட்டிய வழி. ஒவ்வோர் இராணுவ ஆலையிலும் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த மாற்றுப் பயன்பாட்டுக் குழு இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடியுமுன்பே மாற்றுத் திட்டம் ஆயத்தமாக வேண்டும். இடைக்காலத்தில் தொழிலாளருக்கு வருவாய்ப் பாதுகாப்பு வேண்டும். 1963-இல் ஜார்ஜ் மெக்கவர்ன் செனட்டில் கொணர்ந்த மசோதாவும், பின்னர் டெட் வைஸ் பிரதிநிதிகள் சபையில் கொணர்ந்த மசோதாவும் இந்நோக்குடையவை. இரண்டும் சட்டமாகவில்லை. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்து பனிப்போர் முடிந்தபோது, ஆயத்தத் திட்டமின்றிப் பல ஆலைகள் ஆட்குறைப்பையே நாடின.

மறுப்பும் மதிப்பும்

மெல்மனை மறுப்போரும் உண்டு. கணிப்பொறி, ஜெட் விமானம் ஆகியவற்றின் வளர்ச்சியில் இராணுவச் செலவுக்குப் பங்குண்டு என்பர். அண்டை நாட்டு அச்சம் உள்ள நாடு தன் படையைத் தானாகக் குறைத்துக்கொள்ள இயலாது என்பர். இவற்றில் உண்மை உண்டு. எனினும் எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்பது ஒரு வினா. பிழைப்புக்காகவே ஆயுதம் செய்துகொண்டிருக்க வேண்டுமா என்பது வேறொரு வினா. முதலாவதற்கு அரசியல் விடை கூறட்டும். இரண்டாவதற்கு விடை கூறும் கடமை பொருளியலுக்கு உண்டு.

ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2024-இல் உலக இராணுவச் செலவு ஏறத்தாழ 2 லட்சத்து 71 ஆயிரம் கோடி டாலர். இத்தொகையை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனை கோடி! அமைதி வந்தால் அடுப்பு அணைந்துவிடும் என்று ஒரு குடும்பம் அஞ்சுமாயின், அக்குடும்பம் அமைதியை எவ்வாறு வரவேற்கும்? அவ்வச்சத்தைப் போக்காத அமைதிப் பேச்சு மேடையோடு நின்றுவிடும்.

வளைகோட்டின் ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளிக்குச் செல்லும் பாதையில் மனிதர்கள் நிற்கிறார்கள். அடுத்த முறை அக்கோட்டை வரையும்போது, அவர்களுக்கு யார் திட்டமிட்டார்கள், எப்போது திட்டமிட்டார்கள் என்று நாம் கேட்போமாக.